ஏ.ஐ. 62 என்கிறது, டாக்டர் 50 என்கிறார்: அப்பாவின் இதய ஸ்கேனில் எதை நம்புவது?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு வயது 61. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினாலோ வேகமாக நடந்தாலோ நெஞ்சுக்கு நடுவில் இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்கிறார். நின்றுவிட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். பிறகு சி.டி. கரோனரி ஆஞ்சியோ எடுத்தோம். கால்சியம் ஸ்கோர் 410. கூடவே ஏ.ஐ. மென்பொருள் தயாரித்த அறிக்கை ஒன்றும் கொடுத்தார்கள். எல்.ஏ.டி. குழாயின் நடுப்பகுதியில் 62 சதவீத அடைப்பு, எஃப்.எஃப்.ஆர். 0.78 என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறது. ஆனால் இதய மருத்துவர் தன் அறிக்கையில் 50 சதவீதம் என்றுதான் எழுதியிருக்கிறார். இப்போதைக்கு மருந்து போதும், ஆறு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்றார். என் தம்பி மென்பொருள் துறையில் இருக்கிறான். 'மெஷினுக்குக் களைப்பு கிடையாது, மறதி கிடையாது, அது சொல்வதுதான் சரி, உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும்' என்று வீட்டில் சண்டை. அவனே அப்பாவின் ஈசிஜியைப் போட்டோ எடுத்து ஒரு சாட்பாட்டிடம் காட்டினான். அது நார்மல், கவலை வேண்டாம் என்றது! அப்பா பயந்துபோய் நடப்பதையே நிறுத்திவிட்டார். நாங்கள் யாரை நம்புவது? இன்னொன்று: எனக்கு 34 வயது. இதய நோயை 98 சதவீதம் துல்லியமாகச் சொல்லும் என்று ஒரு செயலி இருக்கிறது. நானும் அதில் பார்த்துக்கொள்ளலாமா? அறிக்கைகளையும் அந்தச் செயலியின் விளக்கக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இணைத்திருந்தவற்றை இரண்டு முறை படித்தேன். ஸ்கேனின் மூலப் படங்களை நான் பார்க்கவில்லை. அப்பாவைப் பரிசோதிக்கவும் இல்லை. அதனால் அவருக்கு என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கும் மருத்துவர்தான். ஆனால் 62க்கும் 50க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று என்னால் விளக்க முடியும். வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி அதிலேயே அடங்கும் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். அப்பாவுக்கு உட்கார்ந்திருக்கும்போதோ தூக்கத்திலோ இறுக்கம் வந்தால், அல்லது வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கி, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால், எந்த அறிக்கையையும் புரட்டிக்கொண்டு இருக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். முன்பு இரண்டு மாடி ஏறினால் வந்தது இப்போது பத்துப் படியிலேயே வருகிறது என்றாலும் ஆறு வாரம் காத்திருக்க வேண்டாம்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நான் கீழே எழுதுவதெல்லாம் அவருடைய வலி இப்போது இருப்பதுபோலவே, நடந்தால் வந்து நின்றால் போகும்வரைக்கும்தான் பொருந்தும்.

இனி அந்த 62. எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கமாக மேலிருந்து கீழே இறங்கும் ரத்தக்குழாய். அதன் நடுப்பகுதியின் உள்விட்டம் சுமார் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 62 சதவீதம் அடைப்பு என்றால் ரத்தம் போக மிஞ்சியிருக்கும் வழி 1.14 மில்லிமீட்டர். 50 சதவீதம் என்றால் 1.5 மில்லிமீட்டர். இரண்டுக்கும் வித்தியாசம் 0.36 மில்லிமீட்டர். இன்று பெரும்பாலான இடங்களில் இருக்கும் சி.டி. இயந்திரங்கள் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவே ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான். உங்கள் தம்பியும் நீங்களும் சண்டை போட்டுக்கொண்டிருப்பது அந்தப் படத்தின் ஒரு புள்ளியைவிடச் சிறிய தூரத்துக்காக. மென்பொருள் 62 என்று இரண்டு இலக்கத்தில் துல்லியமாக எழுதுவதால் அதற்குப் பின்னால் இருக்கும் படமும் அத்தனை துல்லியம் என்று ஆகிவிடாது.

இதனால்தான் இதய சி.டி. அறிக்கைகளை ஒரே சதவீதமாக எழுதாமல் படிகளாகப் பிரித்து எழுதும் முறை வந்தது. கேட்-ராட்ஸ் என்று பெயர். 2016இல் வெளியாகி 2022இல் திருத்தப்பட்டது. அடைப்பே இல்லை என்றால் படி 0, முழுதாக மூடியிருந்தால் படி 5. 50 முதல் 69 சதவீதம் வரை எல்லாமே படி 3. உங்கள் மருத்துவரின் 50, மென்பொருளின் 62 இரண்டும் ஒரே படியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. படி 3க்கு என்ன செய்ய வேண்டும்? கொழுப்பைக் குறைக்கும் மருந்து முதலான தடுப்பு சிகிச்சையைத் தொடங்க வேண்டும், அந்த அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் அடுத்த அடி ஒன்றுதான். இதை உங்கள் தம்பிக்கு முதலில் படித்துக் காட்டுங்கள்.

மருத்துவர் ஏன் குறைத்து எழுதினார் என்றும் ஊகிக்க முடிகிறது. கால்சியம் ஸ்கோர் 410 என்றால் ரத்தக்குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு நிறையப் படிந்திருக்கிறது என்று அர்த்தம். 400க்கு மேல் போனாலே அதிகம் என்போம். சி.டி. படத்தில் கால்சியம் பளீரென்று வெள்ளையாகத் தெரியும். இருட்டில் எரியும் விளக்கைப் போட்டோ எடுத்தால் விளக்கைவிட அதன் வெளிச்சம் பெரிதாகப் பதிவாகும் அல்லவா? கால்சியமும் அப்படித்தான் இருப்பதைவிடப் பருத்துத் தெரியும். பக்கத்தில் இருக்கும் ரத்த வழி இன்னும் குறுகலாகத் தெரியும். அனுபவமுள்ள கண் அந்த வெள்ளை விளிம்பைக் கொஞ்சம் கழித்துவிட்டுப் பார்க்கும். இதைத் திருத்திக் கணக்கிட முயலும் மென்பொருள்களும் இருக்கின்றன. ஆனாலும் கால்சியம் அதிகமுள்ள குழாயில் அவை அடைப்பைக் கூட்டிச் சொல்வதை இன்றும் பார்க்கிறேன்.

அடுத்தது 0.78. உங்களைப் பயமுறுத்திய சிவப்பு எழுத்து இதுதான். எஃப்.எஃப்.ஆர். என்பது எளிமையான கணக்கு: அடைப்புக்கு முன்னால் ரத்த அழுத்தம் 100 என்றால் அடைப்பைத் தாண்டிய பிறகு எவ்வளவு? 90 இருந்தால் 0.90. 0.80 அல்லது அதற்குக் கீழே போனால் அந்த அடைப்பு ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். நிகோ பைல்ஸ், பெர்னார்ட் டி ப்ரைன் ஆகியோர் 1990களில் இதை நிலைநாட்டினார்கள். தலைமுடி போன்ற மெல்லிய கம்பியின் நுனியில் அழுத்தம் அளக்கும் கருவியை வைத்து, உடலுக்குள் குழாய் செலுத்திச் செய்யும் ஆஞ்சியோவின்போது ரத்தக்குழாய்க்குள் விட்டு அளந்தார்கள். அப்படி அளக்கத் தொடங்கிய பிறகுதான் எங்கள் துறையே கொஞ்சம் தலைகுனிந்தது. 2009இல் வெளிவந்த ஃபேம் ஆய்வின் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, கண்ணால் பார்த்து 50 முதல் 70 சதவீதம் என்று சொன்ன அடைப்புகளில் 35 சதவீதம் மட்டுமே உண்மையில் ஓட்டத்தைத் தடுத்தன. மூன்றில் ஒன்று! உங்கள் அப்பாவின் அடைப்பு இதே வரம்புக்குள்தான் வருகிறது. அதனால்தான் சதவீதத்தை மட்டும் பார்த்து ஸ்டென்ட் வைக்கக் கூடாது என்கிறோம்.

உங்கள் அறிக்கையில் இருப்பது கம்பி விட்டு அளந்த எண் இல்லை. சி.டி. படத்திலிருந்து கணக்கிட்டது. மென்பொருள் முதலில் ரத்தக்குழாயின் ஓரங்களை வரைந்து எடுக்கிறது, ஏ.ஐ. பெரும்பாலும் வேலை செய்வது இந்த இடத்தில். பிறகு அந்த வடிவத்துக்குள் ரத்தம் எப்படி ஓடும் என்று கணக்குப் போடுகிறது. இந்த வகையில் முதலில் வந்த ஹார்ட்ஃப்ளோ நிறுவனத்தின் முறைக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2014இல் அனுமதி கொடுத்தது. நல்ல முறை; பலருக்குத் தேவையில்லாத ஆஞ்சியோவைத் தவிர்த்திருக்கிறது. ஆனால் வரைந்த ஓரம் தவறினால் கணக்கும் தவறும். கால்சியம் வெள்ளையாகப் பருத்து நிற்கும் இடத்தில் ஓரம் வரைவதுதான் மிகக் கஷ்டம்.

இப்போது அறிக்கையின் மூன்றாம் பக்கத்தை எடுங்கள். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஒரு ரத்தக்குழாய் மரம் இருக்கிறது. அதில் எல்.ஏ.டி.யை மேலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே இறங்குங்கள். அடைப்பு என்று அம்புக்குறி போட்ட இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே, சின்ன எழுத்தில், 0.86 என்று இருக்கிறது. இன்னும் இறங்கினால் 0.83. குழாய் நூலாக மெலிந்து முடியும் நுனியில்தான் 0.78. முதல் பக்கத்தில் சிவப்பில் வந்திருப்பது அந்த நுனியின் எண். மென்பொருள் மொத்தக் குழாயிலும் மிகக் குறைந்த எண்ணை எடுத்து முகப்பில் போட்டுவிட்டது.

இது சாதாரண விஷயம் இல்லை. நல்ல ரத்தக்குழாயிலும் கீழே போகப் போக அழுத்தம் சிறிது சிறிதாக இறங்கும். அதனால் ஓர் அடைப்பு எவ்வளவு கெடுக்கிறது என்று அறிய, அந்த அடைப்புக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 0.86, அதாவது அந்த ஓர் இடம் ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு நுனிவரை மெல்ல மெல்ல இறங்குவது, இந்த இயல்பான இறக்கத்தாலும் குழாய் நெடுகப் பரவியிருக்கும் படிவுகளாலும். ஒரே இடத்தில் தடாலென்று விழுந்திருந்தால் அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்துச் சரிசெய்யலாம். சரிவுபோல இறங்கும் குழாயில் ஸ்டென்டை எங்கே வைப்பது? உங்கள் மருத்துவர் இதைக் கவனித்துத்தான் மருந்து என்றிருப்பார். அதை அவர் உங்களிடம் ஐந்து நிமிடம் உட்கார்ந்து சொல்லியிருந்தால் அப்பா நடப்பதை நிறுத்தியிருக்க மாட்டார். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

ஸ்டென்ட் வைக்காவிட்டால் மாரடைப்பு வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. ரத்தக்குழாயைத் தண்ணீர்க் குழாய் மாதிரி நினைப்பதால் வரும் பயம் அது. 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5,179 பேர் சேர்ந்தார்கள். எல்லோருக்கும் இதயத்துக்கு ரத்தம் குறைகிறது என்று பரிசோதனையில் உறுதியானது. உங்கள் அப்பாவைப்போல நிலையான நோய் உள்ளவர்கள். பாதிப் பேருக்கு மருந்தோடு ஆஞ்சியோவும், தேவைப்பட்டால் ஸ்டென்டோ பைபாஸோ செய்தார்கள். மறுபாதிக்கு மருந்தோடு தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் மற்றது. சராசரியாக மூன்று ஆண்டுக்கு மேல் பின்தொடர்ந்தும், இறப்பிலோ மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளிலோ மொத்தத்தில் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. நெஞ்சு வலி மட்டும், அது அடிக்கடி வந்துகொண்டிருந்தவர்களுக்கு, ஸ்டென்ட் பக்கம் நன்றாகக் குறைந்தது. ஆகவே நிலையான நோயில் ஸ்டென்ட் பெரும்பாலும் வலிக்கான சிகிச்சை. மருந்து கொடுத்தும் வலி அடங்காவிட்டால் அப்போது வைக்கலாம். இடது பிரதான குழாயில் அடைப்பு, இதயத்தின் பம்பு வலிமை குறைவு, நிலையில்லாத வலி என்றால் கதை வேறு. உங்கள் அறிக்கைகளில் அவை எதுவும் இல்லை.

தம்பி சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரத்துக்குக் களைப்பு கிடையாதுதான். எனக்கு உண்டு. ஒருநாள் மாலை, வரிசையில் கடைசி ஸ்கேன். 48 வயதுக்காரர், கால்சியம் ஸ்கோர் 0. எல்.ஏ.டி. சுத்தம், வலது குழாய் சுத்தம். இதயத்தின் பின்பக்கம் வளைந்து போகும் குழாயையும் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று எழுதப் போனேன். மென்பொருள் அந்தக் குழாயின் ஆரம்பத்தில் ஒரு வட்டம் போட்டிருந்தது. கோபமாகத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரை ஒட்டி, கொஞ்சம் சாம்பல் நிறமாக, கால்சியமே இல்லாத மெத்தென்ற கொழுப்புப் படிவு. நான் தாண்டிப் போயிருந்தேன். அன்றிலிருந்து மென்பொருள் வட்டம் போட்ட எந்த இடத்தையும் பெரிதாக்கிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

அதேபோல இன்னொரு நாள். ஒரு பெண்மணியின் வலது குழாயில் 80 சதவீதம் என்று காட்டியது. படத்தை உற்றுப் பார்த்தால், அடைப்பு என்று சொன்ன அதே மட்டத்தில் இதயத்தின் வெளி ஓரமும் படிக்கட்டுபோல் ஒரு எட்டு நகர்ந்திருந்தது. ஸ்கேன் ஓடும்போது அவருக்குத் துடிப்பு நிமிடத்துக்கு 84. இதயம் துள்ளியதில் இரண்டு துண்டுப் படங்கள் சரியாகப் பொருந்தவில்லை. அந்தப் பொருந்தாத இடம்தான் அடைப்பாகத் தெரிந்தது. மாத்திரை கொடுத்துத் துடிப்பை 60க்குக் கொண்டுவந்து மறுபடி எடுத்தோம். குழாய் வழுவழுவென்று இருந்தது. அவர் தன் பிள்ளைகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு, பைபாஸுக்கே மனதைத் தயார்செய்துகொண்டு வந்திருந்தார்.

ஏ.ஐ. எனக்கு உண்மையிலேயே புதிதாகக் கொடுத்திருப்பது அடைப்பின் சதவீதத்தை அல்ல. படிவின் தன்மையை அளக்கும் வசதியை. மாரடைப்பு பல சமயம் மிகக் குறுகலான இடத்தில் வருவதில்லை. 40 சதவீதம்கூட அடைக்காத, மெல்லிய தோல் மூடிய கொழுப்புப் படிவு ஒன்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை மூடுகிறது. ஸ்காட்லாந்தில் 4,146 பேரைக் கொண்டு நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வைப் பாருங்கள். நெஞ்சு வலியோடு வந்தவர்களில் ஒரு பாதிக்கு வழக்கமான பரிசோதனை, மறுபாதிக்குக் கூடுதலாக இதய சி.டி. ஐந்து ஆண்டு முடிவில் இதய நோயால் இறந்தவர்கள், மாரடைப்பு வந்தவர்கள் சி.டி. பக்கம் 2.3 சதவீதம், மறுபக்கம் 3.9 சதவீதம். ஸ்டென்ட் அதிகம் வைத்ததால் வந்த லாபம் இல்லை இது. படிவு இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் சரியான ஆட்களுக்குச் சரியான மருந்து போனது. பின்னர் அதே படங்களை மென்பொருள் கொண்டு அளந்தபோது, கொழுப்பு நிறைந்த அடர்த்தி குறைந்த படிவு 4 சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு மாரடைப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் வந்திருந்தது. இந்த அளவைக் கையால் எடுக்க ஒரு ஆளுக்கு வெகுநேரம் பிடிக்கும். மென்பொருளுக்குச் சில நிமிடம். அப்பாவின் அறிக்கையில் நான்காம் பக்கத்தில் இந்தப் படிவு அளவுகளைக் காட்டும் ஒரு அட்டவணை இருக்கிறது. நீங்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. எனக்கு 62ஐவிட அந்த அட்டவணைதான் முக்கியமாகப் படுகிறது. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையை எவ்வளவு தீவிரமாகக் கொடுப்பது, கெட்ட கொழுப்பை எந்த அளவுக்கு இறக்குவது என்பதையெல்லாம் பேச அது உதவும். அடுத்த முறை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து மருத்துவரிடம் கேளுங்கள்.

சாட்பாட் விஷயத்தில் எனக்கு வருத்தம்தான். ஈசிஜி அப்பா படுத்திருக்கும்போது எடுத்தது. ஓய்வில் இதயத்துக்கு ரத்தத் தேவை குறைவு; குழாய் வெகுவாகச் சுருங்கும்வரை ஓய்வு நேர ஓட்டம் குறைவதில்லை. அதனால் கடுமையான அடைப்பு உள்ளவருக்கும் வலி இல்லாத நேரத்து ஈசிஜி நார்மலாக இருக்கலாம். அதை உலகின் தலைசிறந்த மருத்துவர் படித்தாலும் நார்மல் என்றுதான் சொல்வார். கேள்வியே தவறு, யார் பதில் சொன்னாலும் பயனில்லை. ஈசிஜியில் ஏ.ஐ. நல்ல வேலை செய்திருக்கிறது, மறுக்கவில்லை. 2019இல் மேயோ கிளினிக் குழு சுமார் 45,000 பேரின் ஈசிஜியையும் எக்கோவையும் சேர்த்துப் பழக்கி, வேறு 52,870 பேரிடம் சோதித்து, பம்பு வலிமை குறைந்த இதயத்தை ஈசிஜியிலிருந்தே கண்டுபிடிக்க முடியும் என்று காட்டியது. அது ஒரே ஒரு கேள்விக்காகப் பழக்கி, சோதித்து, எங்கே தவறும் என்று வெளிப்படையாகச் சொன்ன கருவி. போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துக் கவலை வேண்டாம் என்று சொல்லும் சாட்பாட்டுக்கு அப்பா படியேறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொள்வது தெரியாது. தம்பி அதைச் சொல்லாமல் படத்தை மட்டும் கொடுத்திருக்கிறான். கைக்கடிகாரத்தில் வரும் ஈசிஜியும் துடிப்பின் தாளத்தைப் பார்க்கத்தான். மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

இனி உங்கள் செயலி. நீங்கள் அனுப்பிய விளக்கத்தில் 303 நோயாளிகளின் தரவில் பழக்கியது, 98 சதவீதம் துல்லியம் என்று எழுதியிருக்கிறார்கள். 303 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. 1980களில் அமெரிக்காவின் கிளீவ்லேண்டில் ஆஞ்சியோ செய்துகொள்ள வந்தவர்களிடம் திரட்டிய தரவு அது. இலவசமாகக் கிடைப்பதால் ஏ.ஐ. படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு முதலில் எடுப்பது அதைத்தான். தம்பிக்கும் நிச்சயம் தெரிந்திருக்கும். அந்த 303 பேரில் பெண்கள் 97 பேர். எல்லோருமே இதய நோய் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அனுப்பப்பட்டவர்கள். அதிலுள்ள 13 விவரங்களில் ஒன்று, இதயத் தசைக்கு ரத்தம் போவதைக் காட்டும் தாலியம் ஸ்கேன் முடிவு. இன்னொன்று எக்ஸ்ரே திரையில் எத்தனை ரத்தக்குழாய் தெரிந்தது என்பது. வீட்டில் உட்கார்ந்து நீங்கள் அதை எப்படி நிரப்புவீர்கள்? எந்த வலியும் இல்லாத 34 வயதுப் பெண்ணைப் பற்றி அந்த 303 பேர் என்ன சொல்ல முடியும்?

98 சதவீதம் என்ற பேச்சை விட்டுவிடுவோம். நல்ல கருவி என்றே வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். எண்கள் நான் உதாரணத்துக்குச் சொல்பவை. நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 10 பேரைத் தவறாகப் பிடிக்கும் கருவி. உங்களைப்போன்ற 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருக்கிறது என்றால், அந்த 10இல் 9 பேரைப் பிடிக்கும். மீதி 990இல் 99 பேரை வீணாகப் பயமுறுத்தும். நோய் இருக்கிறது என்று சொல்லப்பட்ட 12 பேரில் ஒருவருக்குத்தான் உண்மையில் நோய். அதே கருவியை அப்பாவைப்போல வலியோடு வரும் 1,000 பேரிடம் கொடுங்கள்; அவர்களில் 400 பேருக்கு நோய் என்றால் 360 பேரைச் சரியாகவும் 60 பேரைத் தவறாகவும் பிடிக்கும். அங்கே 7 பேரில் 6 பேருக்கு உண்மை. கருவி மாறவில்லை, யாரிடம் கேட்கிறோம் என்பது மாறிவிட்டது. எந்த ஏ.ஐ. விளம்பரத்திலும் துல்லியம் எத்தனை என்பதற்கு முன்னால் யாரிடம் சோதித்தார்கள் என்று தேடுங்கள். 2018இல் வெளியான ஒரு மார்பு எக்ஸ்ரே ஆய்வில், நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழகிய ஏ.ஐ. வேறு மருத்துவமனைப் படங்களில் சறுக்கியது. எந்த மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே என்பதைக்கூட அது படத்திலிருந்தே படித்துக்கொள்ள முடிந்திருக்கிறது; நோயைப் பார்ப்பதற்குப் பதில் அதைப் பிடித்துக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது செயலி இல்லை. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்கள். லிப்போபுரோட்டீன் ஏ என்ற ஒரு கொழுப்பை வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும். அது பரம்பரையாக வருவது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தமோ சர்க்கரையோ ஏறியிருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பின்னாளில் இதய நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் விஷயம் அது. அந்தச் செயலி இதைக் கேட்கவே இல்லை.

அப்பாவிடம் வருகிறேன். ஆறு வாரம் என்பது சும்மா காத்திருக்கும் காலம் இல்லை. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் காலம். எவ்வளவு நடக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, சமதளத்தில் மெதுவாக அவரை மறுபடி நடக்க வையுங்கள். நீங்களோ தம்பியோ கூடப் போங்கள். எத்தனையாவது நிமிடத்தில் இறுக்கம் வந்தது, நின்று எவ்வளவு நேரத்தில் போனது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து அந்த நோட்டைக் கொண்டுபோய், மருந்துக்குப் பிறகும் வலி வந்தால் டிரெட்மில் போன்ற அழுத்தப் பரிசோதனையோ கம்பி விட்டு அளப்பதோ தேவையா என்று கேளுங்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை கொடுத்திருந்தால் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். நின்றுகொண்டு போட்டால் தலைசுற்றி விழக்கூடும். உட்கார்ந்துதான் போட வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் ஆம்புலன்ஸ். ஆண்மைக் குறைபாட்டுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று மருத்துவர் தனியாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால், உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், தம்பியைக் கேட்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.